சத்தியத்துக்கு ஒரு நாள் லீவு

சங்கிலிமுத்துவுக்கு வேலை, ஆட்களின் வாயை முகர்ந்து பார்ப்பது. சிரிக்க வேண்டாம். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருந்த அந்தப் பட்டாசு ஆபீசுக்குள், அதாவது பட்டாசு ஆலைக்குள், எவர் நுழைய வேண்டுமானாலும், காலை ஏழு மணிக்கு வாசலில் அவர் முன்னால் நின்று வாயைத் திறந்து ஊதியாக வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டுவார். "போ" என்றால் உள்ளே போகலாம். "வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா" என்றால் அன்றைய கதை முடிந்தது. காலில் விழுந்தாலும் ஆகாது, முதலாளியே வந்து சொன்னாலும் ஆகாது.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம்தான். ஆனால் சட்டம் சாத்தூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது, சரக்கு கம்மாய்க்குள் உடைமரக் காட்டில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் குடித்ததை மறுநாள் காலையில் சங்கிலிமுத்து கண்டுபிடித்துவிடுவார். கிராம்பு மென்றாலும் தப்பாது, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வந்தாலும் தப்பாது. ஒரு தடவை கணக்கப்பிள்ளை லட்சுமிகாந்தத்தையே வாசலில் நிறுத்திவிட்டார். பாவம், அவர் சளிக்கு டாக்டர் கொடுத்த இருமல் மருந்தைக் குடித்துவிட்டு வந்திருந்தார்.

"யோவ், இது மருந்துய்யா!" என்று கணக்கப்பிள்ளை குதித்தார்.

"மருந்துலயும் சாராயம் இருக்கு சார். சளி போனதும் வாங்க."

அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்டவன் லோடு ஏற்றும் கருப்பணன். வாரத்தில் ஒரு நாளாவது அவனுக்கு வாசலோடு சரி. அவன் பெண்டாட்டி மாரித்தாய் அதே ஆபீசில் ஓலைவெடி மடிக்கிறவள். புருஷன் திரும்பிப் போவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள். ஆனால் சங்கிலிமுத்துவை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. காரணம் இருக்கிறது.

ஐம்பத்து நாலாம் வருஷம், தீபாவளி சீசன் நெருக்கத்தில், வெடிமருந்து கலக்கிற அறையில் போதை தெளியாத ஒருவன் கால் தள்ளாடி, இரும்புச் சட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்துவிட்டான். ஒரு பொறிதான். மூன்று பேர் போனார்கள். குடிக்காதவன், அந்த ஆளுக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பாவத்துக்குச் செத்தவன், சின்னச்சாமி. சங்கிலிமுத்துவின் மனைவி சண்முகத்தாய்க்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

பதினாறு முடிந்த மறுநாள் எல்லாரும் மாரியம்மன் கோயில் வாசலில் கூடினார்கள். "நாளையிலிருந்து நான் வாசல்ல நின்னு எல்லாரு வாயையும் மோந்து பாக்கிறேன்" என்றார் சங்கிலிமுத்து. கூட்டத்திலிருந்து கருப்பணன் கேட்டான்: "ஒம்ம வாயை யாரு மோந்து பாப்பா?" நியாயமான கேள்வி. சங்கிலிமுத்து ஒரு கட்டிச் சூடத்தை எடுத்துக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "இனி என் நாக்குல அது ஒரு சொட்டுப் படாது. இது சத்தியம்." ஊருக்கு அது போதும். சூடம் அடித்த கையில் தழும்பும் இருந்தது, யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு.

இந்த மூக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது பெரிய கதை. பத்தொன்பது வயதில் மழையில்லாத வருஷம் ஒன்றில் தூத்துக்குடிக்குப் போய், கொழும்புக்குப் போய், அங்கிருந்து சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு ஏறிவிட்டார். முப்பத்தெட்டாம் வருஷம் கப்பல் உலகத்தின் அந்தப் பக்கத்தில், தென்னமெரிக்காவில், டெமராரா என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு விஷக்காய்ச்சல். கப்பல்காரன் ஆளை ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டான். பாஷை தெரியாது, சுற்றிலும் ஒரு தெரிந்த முகம் கிடையாது. வருகிற தாதிகள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்பதாக இருக்கும் என்று இவரும் படுத்தே கிடந்தார்.

ஒன்பதாம் நாள் அவர் வயதே உள்ள ஒருவன், பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் உறவுக்காரரைப் பார்க்க வந்தவன், இவர் காய்ச்சலில் தமிழில் பினாத்துவதைக் கேட்டுவிட்டு அருகே வந்து குனிந்தான். அவன் பெயர் ஒச்சப்பன். அவனுடைய பாட்டன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். பேரும் பத்துப் பதினைந்து வார்த்தைகளும்தான் மிச்சம் இருந்தன. அந்த உடைந்த தமிழில் ஒச்சப்பன் சொன்னான்: "இங்க படுத்தா நீ செத்துப் போவே. எந்திரி. வா வீடு."

எல்லாரும் சிரித்துக்கொண்டு பொய் சொன்ன இடத்தில் அவன் ஒருத்தன்தான் உள்ளதைச் சொன்னான். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு மாதம் கஞ்சி ஊற்றி, பீ மூத்திரம் அள்ளி, ஆளை எழுப்பி உட்கார வைத்தான். பிறகு தான் வேலை பார்த்த, ரம் காய்ச்சி இருப்பு வைக்கும் கிட்டங்கியிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தான்.

அங்கே எட்டு வருஷம். கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்ததுபோக மிஞ்சுகிற கறுத்த பாகைப் புளிக்க வைத்து, காய்ச்சி இறக்கி, கருகிய உட்புறம் கொண்ட மரப்பீப்பாய்களில் ஊற்றி, தகரக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்கில் போட்டு வைப்பார்கள். அந்த வெக்கையில் பீப்பாயில் பாதி ஆவியாகிவிடும். "கூரை குடிச்சிருச்சு" என்பார்கள் கிட்டங்கி ஆட்கள். கூரை குடித்தது போக நிற்பதுதான் சரக்கு. சங்கிலிமுத்துவும் ஒச்சப்பனும் வேலையோடு வேலையாகப் பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, எது பக்குவம், எது பச்சை, எது கெட்டுப்போனது என்று சொல்லுவார்கள். விழுங்குவது கிடையாது. நாற்பது பீப்பாய் பார்க்கிறவன் விழுங்கினால் மூன்றாவது பீப்பாயில் விழுந்துவிடுவான்.

நாற்பத்தாறில் உலகச் சண்டை முடிந்து கப்பல் கிடைத்ததும் சங்கிலிமுத்து ஊருக்குக் கிளம்பினார். அன்றைக்கு ஒச்சப்பன் ஒரு பீப்பாயை நிரப்பி, அதன் தலையில் சுண்ணாம்பால் ஒரு சங்கிலி வரைந்தான். "பன்னெண்டு வருசம் பங்காளி. நீ வா. ரெண்டு பேரும் திறப்போம்." "வாரேன்" என்றார் இவர். அந்த நேரத்தில் எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதானே அது.

அதன்பிறகு கல்யாணம், கரிசல், பட்டாசு ஆபீஸ் என்று வருஷம் ஓடிவிட்டது.

அறுபத்தோராம் வருஷம் ஆவணி மாதத்தில் தூத்துக்குடிக் கப்பல்காரன் ஒருவன் பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே மரத்தூளுக்கு நடுவில் அரக்கு வைத்து அடைத்த ஒரு பாட்டில், கூடவே ஒரு கடிதம். ஒச்சப்பனிடமிருந்து.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. கணக்கப்பிள்ளை லட்சுமிகாந்தத்தை விட்டால் படித்துச் சொல்ல ஆள் இல்லை. சங்கிலிமுத்து அவரை ஆபீஸ் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை மெல்ல மெல்லத் தமிழில் சொன்னார்:

"பங்காளி, நான் இந்த வருஷம் கிட்டங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசாரத்துக்கு உன் சங்கிலிப் பீப்பாயைத் திறந்தார்கள். தண்ணீர் சேர்க்காமல் நேராகப் பீப்பாயிலிருந்து எடுத்து எனக்கு ஆறு பாட்டில் கொடுத்தார்கள். ஒன்று உனக்கு. போன வருஷம் என் மூக்குக்குள் கட்டி வந்து அறுத்தார்கள். அன்றோடு எனக்கு வாசனை போய்விட்டது, அதனால்தான் இந்த ஓய்வு. குடித்துப் பார்த்தவர்கள் எல்லாம் தேன், தேன் என்கிறார்கள். எனக்கோ கடைசியில் கசப்பு மட்டும் தெரிகிறது. கசப்பு ரம்மில் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறதா? இங்கே இருப்பவர்கள் எனக்கு வருத்தம் வரக்கூடாது என்று பொய் சொல்வார்கள். நீ நாக்கில் வைத்துப் பார்த்து உள்ளதை எழுது. என் நாக்கும் செத்துப்போயிற்றா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சங்கிலிமுத்து, இது வில்லங்கமால்ல இருக்கு! நீரு சூடம் அடிச்ச ஆளு."

"ஆமா சார்."

"போலீசுக்குத் தெரிஞ்சா வேற..."

"ஆமா சார்."

வேறு என்ன சொல்லுவார்? பாட்டிலைக் கொண்டுபோய்க் கம்பு கொட்டி வைத்திருக்கும் குலுக்கைக்குள் ஆழமாகப் புதைத்தார். காலையில் வாசலில் நின்று "ஊது" என்று சொல்லும்போதெல்லாம் நாக்குக் குழறியது. அந்த வாரம் கருப்பணனைத் திருப்பி அனுப்பும்போது அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமைதான். உயிர் கொடுத்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் செத்துப்போன மச்சினனை நினைத்துச் செய்த சத்தியத்தை மீற வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நடுவீட்டில் பாட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்கு எதிரே சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தாள். கம்பு எடுக்கக் குலுக்கைக்குள் கையை விட்டவளுக்குக் கழுத்து தட்டுப்பட்டிருக்கிறது.

"எம்புட்டு நாளா?" என்றாள். "எந்தம்பி செத்ததுல இருந்தேவா?"

"ஐயையோ! அப்படி நினைக்காத சம்முகம். அரக்கைப் பாரு, உடைக்கவே இல்ல." கடிதத்தை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி உட்கார்ந்து அழுதார்.

ஒச்சப்பன் யார் என்று சண்முகத்தாய்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் முதல் இலை போடும்போது, "கடலுக்கு அங்கிட்டு இருக்க அண்ணன் நல்லாருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற இலை போடுகிறவள் அவள். பாட்டிலை எடுத்து அரக்கைத் தடவிப் பார்த்தாள்.

"அந்த அண்ணன் இல்லேன்னா எனக்குத் தாலி ஏது?" என்றாள். "பாருங்க. நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஆனா குலுக்கைக்குள்ள ஒளிச்சு வச்சுப் பாக்காதீக. சத்தியத்தை நாலு பேரு முன்னால பண்ணினீக, அதை மீற உத்தரவு கேக்கிறதையும் நாலு பேரு முன்னால கேளுங்க."

சனிக்கிழமை வேலை விட்டு ஆட்கள் வெளியே வரும் நேரம். சங்கிலிமுத்து வாசலில் குறுக்கே நின்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். கருப்பணனுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். "ஆகா! மோந்து பாக்கிறவரே மாட்டிக்கிட்டாரு டோய்!" என்றான்.

"ஏ, சும்மா கெட" என்று மாரித்தாய் அவனை அதட்டினாள். அவளுக்கு யோசிக்கும்போது முந்தானையைக் கடிக்கிற பழக்கம். கடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, ஆபீசுக்கு ஞாயித்துக்கெழமை லீவு உண்டுல்ல?"

"உண்டு தாயி."

"அப்ப சத்தியத்துக்கும் ஒரு நாள் லீவு குடுப்போம். நாளைக்கு ஒரு நாள். பாத்துட்டுத் துப்பிறணும். மறுநா காலையில ஒங்க வாயை நான் மோந்து பாப்பேன். நாத்தம் இருந்துச்சுன்னா வீட்டுக்குத்தான். சம்மதமா?"

"சம்மதம்" என்றார். அவளைக் கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். ஏழு வருஷமாக யாராவது தன்னையும் நிறுத்தி முகர்ந்து பார்க்க மாட்டார்களா என்று அவருக்கே ஓர் ஏக்கம் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்மாய்க்கரைக்குப் பின்னால் முப்பது பேர் கூடிவிட்டார்கள். ருசி பார்ப்பது காலையில்தான், வெறும் வயிற்றில். கிட்டங்கிப் பழக்கம் அது. அன்றைக்குச் சங்கிலிமுத்து பல்கூட விளக்காமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தார்.

முதலில் அவருக்கு ஒரு சந்தேகம். பாட்டில் கப்பல் கப்பலாகக் கை மாறி வந்திருக்கிறது. வழியில் எவனாவது குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தால்? தண்ணீர் கலந்ததை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஒச்சப்பனுக்குச் செய்கிற துரோகம்.

"மாரித்தாயி, ஒரு ஓலைவெடியைப் பிரி" என்றார். அவள் பிரித்து, உள்ளே இருந்த கருமருந்தைக் கல்லின் மேல் கொட்டினாள். சிட்டிகை அளவுதான். அதன்மேல் அரக்கு உடைத்த பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு நனைத்தார்.

"இதைப் பத்த வைக்கப் போறேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு தூறல் போட்டாலே மருந்தைக் காயப்போட முடியாமல் வேலை நின்றுபோகிற பிழைப்பு அவர்களுடையது. "நனைஞ்ச மருந்து எங்கனயாச்சும் எரியுமாண்ணே?" என்றாள் மாரித்தாய்.

"தண்ணி கலந்திருந்தா எரியாது. பீப்பாயில இருந்தபடியே இருந்தா எரியும். அந்தக் காலத்துல கப்பல்காரன் இப்படித்தான் சோதிப்பானாம்."

தீக்குச்சியை நீளக் குச்சியில் கட்டி நீட்டினார். முதலில் நீலமாக ஒரு சுவாலை, சத்தமில்லாமல் ஓடியது. நீலம் அடங்கப் போகிற நேரம், மருந்து "புஸ்ஸ்" என்று சீறிப் பற்றி எரிந்து, கல்லில் கறுப்புத் தடம் விட்டது. "எம்மாடி!" என்று பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து பாட்டிலைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. தாங்கள் செய்கிற மருந்துக்குச் சமமாக ஒன்றை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

சங்கிலிமுத்து கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் ஊறின பழைய கதவின் நிறம். இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, சூட்டுத் தழும்பின்மேல் தேய்த்து, மூக்கைப் புதைத்தார். அப்படியே நின்றார். கந்தகமும் அலுமினியத் தூளும் தின்ற மூக்கு, என்ன மிச்சம் இருக்கிறதோ என்று பயந்துகொண்டிருந்தவர். ஒவ்வொன்றாக வந்தது. கருப்பட்டிப் பாகு அடிப்பிடிக்கிற வாசம். தோல் கறுத்துக் கனிந்த நாட்டு வாழைப்பழம். பழைய புளி. அதற்கும் பின்னால் இன்னொன்று இருந்தது, பேர் வரவில்லை.

"அதுக்குப் பின்னால என்னமோ ஒண்ணு இருக்கு, என்னன்னு பிடிபடல" என்று தவித்தார். மாரித்தாய் வந்து அவர் உள்ளங்கையை முகர்ந்தாள். "இதா? அதிமதுரம்லாண்ணே! சின்னப்பிள்ளைகளுக்கு இருமலுக்கு வாயில போட்டு அடக்குவோமே."

"அதேதான்! நீ நல்லாருப்பே தாயி!"

பிறகு ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடி நாக்கில் உருட்டினார். இனிப்பு முதலில், காரம் அடுத்து, பழமும் பாகும் நெடுநேரம். எட்டு வருஷமும் ஆஸ்பத்திரி வராந்தாவும் கஞ்சிக் கிண்ணமும் ஒன்றாக ஏறி வந்தன. தரையில் துப்பினார். துப்பின பிறகு காத்திருந்தார். எல்லாம் அடங்கினபின் நாக்கின் அடியில் அது வந்தது. கசப்பு.

முகம் மாறிவிட்டது. "இருக்கு" என்றார். "ஆனா கந்தகம் தின்ன நாக்கு இது. இது என் நாக்குல இருக்கிற கசப்போ என்னவோ. இன்னொரு நாக்கு வேணும்."

"நான் வேணா பாக்கட்டுமா?" என்று கருப்பணன் முந்திக்கொண்டு வந்தான். முப்பது பேரும் சேர்ந்து "ஏலே!" என்று அதட்டியதில் கம்மாயில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

"இங்கன குடுங்க" என்றாள் சண்முகத்தாய்.

குடியால் தம்பியைப் பறிகொடுத்தவள். அந்த வாடை அடித்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறவள். ஒரு விரலைத் தம்ளரில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பினாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முதல்ல நல்லாத்தான் இருக்கு, சனியன்" என்றாள். "கடைசில கசக்குது. துவர்க்குது. வேலம்பட்டையில பல்லு விளக்கினாப்புல."

பாட்டிலை மறுபடி அரக்கு வைத்து அடைத்து, சண்முகத்தாய் தன் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டினாள். திங்கட்கிழமை காலை மாரித்தாய் வாசலில் சங்கிலிமுத்துவை நிறுத்தி, "ஊதுங்கண்ணே" என்றாள். முகர்ந்தாள். "போங்க" என்றாள். வரிசையில் நின்ற கருப்பணன் கை தட்டினான். அன்று முதல் அந்த ஆபீசில் அதுவே வழக்கமாயிற்று. முதலில் சங்கிலிமுத்து ஊத வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள்.

அன்று மத்தியானம் கணக்கப்பிள்ளை பதில் எழுத உட்கார்ந்தார். நிறம் எழுதினார், வாசம் எழுதினார், மருந்து எரிந்ததை எழுதும்போது அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. வேலம்பட்டை வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இது வேண்டாம்ப்பா. ஆயுசு பூரா வேலை பார்த்து, கடைசியா ஒரு பீப்பாயத் திறந்திருக்காரு. உசிரக் காப்பாத்தின மனுசனுக்கு எழுதுற எழுத்தா இது? தேன்னு எழுதிட்டுப் போவோம்."

சங்கிலிமுத்துவுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தானே மனசு வரும்? ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் குனிந்த அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பொய் சொன்னப்ப, நீ செத்துப் போவேன்னு சொன்னவன் சார் அவன். அதைச் சொன்னதுனாலதான் நான் எந்திரிச்சேன். நான் சொல்றத அப்படியே எழுதுங்க." சொன்னார்:

"பங்காளி, உன் நாக்குச் சாகவில்லை. கசப்பு ரம்மில்தான் இருக்கிறது. நானும் பார்த்தேன், சாராயத்தையே தொடாத என் பெண்டாட்டியும் பார்த்துச் சொன்னாள். மற்றபடி இந்த மாதிரிச் சரக்கு நம் கிட்டங்கியில் நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வருஷம் அதிகமாகக் கிடந்துவிட்டது, பீப்பாய் மரத்தின் துவர்ப்பு ஏறிவிட்டது. முன்னாலேயே திறந்திருக்க வேண்டும். உன்னை மாதிரி கைகாரன் எப்படி விட்டாய் என்று எனக்குப் புரியவில்லை. நீ கொடுத்த உயிர் இங்கே நன்றாக இருக்கிறது. உனக்காக இங்கே முப்பது பேர் ஒரு சத்தியத்துக்கு லீவு கொடுத்தார்கள்."

பதில் வர மாசி ஆகிவிட்டது. ஒச்சப்பனின் மகள் எழுதியிருந்தாள். கணக்கப்பிள்ளை வேப்பமரத்தடியில் படித்துச் சொன்னார்:

"சித்தப்பா, உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை ஒரு கிளாஸில் அந்த ரம்மை ஊற்றி வரச் சொன்னார். நான் வாழைப்பழம் என்று படித்தால் ஒரு மடக்கு, அதிமதுரம் என்று படித்தால் ஒரு மடக்கு. கசப்பு என்ற இடத்தில் முகத்தைச் சுளித்துவிட்டு, என் நாக்கு உயிரோடு இருக்கிறது என்று சத்தம் போட்டுச் சிரித்தார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அப்பா சிரித்துப் பார்த்தோம். மூன்று வருஷம் எப்படி விட்டீர்கள் என்று நானும் கேட்டேன். 'பன்னிரண்டாம் வருஷமே பக்குவம் வந்துவிட்டது. எனக்குத் தெரியும். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனான், வந்துவிடுவான் என்று திறக்கவிடாமல் வைத்திருந்தேன்' என்றார்."

சங்கிலிமுத்து கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் வந்ததும் கடிதத்தில் இருந்ததைச் சண்முகத்தாயிடம் சொன்னார், தேம்பலுக்கு நடுவில் சொன்னார்.

"சம்முகம், சத்தியத்துக்கு இன்னும் ஒரு நாள் லீவு வேணும்."

"எதுக்கு?"

"அந்தக் கசப்பை இன்னொருக்காப் பாக்கணும்."

சண்முகத்தாய் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவளே தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் துப்பவில்லை.

மறுநாள் காலை வாசலில் மாரித்தாய் முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, அழுது வீங்கியிருந்த அவர் கண்ணையும் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்கண்ணே" என்றாள்.

"சரி தாயி" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சங்கிலிமுத்து கரிசல் காட்டு வழியே வீட்டுக்கு நடந்தார்.